மண் கட்டிய துவரை

மாசி மாதத்து வெயிலில் தருமபுரிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் துவரை வெட்டிக் களத்திற்கு வந்துவிடுகிறது. கட்டுக் கட்டாக நிறுத்திக் காய வைத்த செடியைத் தடி கொண்டு அடித்து, மிளாரை ஒதுக்கி, காற்றில் தூற்றி மூட்டை பிடிக்கிறார்கள். மூட்டை வாய் கட்டுவதற்குள் வியாபாரியும் தராசோடு வந்து நிற்கிறார். எத்தனை மூட்டை அவருக்கு, எத்தனை படி வீட்டுக்கு என்பதை அங்கேயே தீர்மானித்தாக வேண்டும்.

தீர்மானிப்பது பெரும்பாலும் குடும்பத் தலைவர்தான். ஆனால் அதன் விளைவை ஆண்டு முழுவதும் சுமக்கிறவள் அந்த வீட்டுத் தாய். எல்லாவற்றையும் விற்றுவிட்டால் வேலை மிச்சம். வீட்டுக்கென்று நிறுத்திக்கொண்டால் ஊற வைக்க, மண் கட்ட, உலர்த்த, உடைக்க, புடைக்க அவளுடைய கைகள்தாம் வரவேண்டும். அந்தக் கைகளில் ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது.

பொழுது எங்கே போகிறது?

இரண்டு ஏக்கர் மானாவாரி, ஒரு கறவை மாடு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார் என்று உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இத்தகைய வீடுகளுக்குக் குறைவில்லை. தாய் எழுந்திருப்பது விடியற்காலை நாலரை மணிக்கு. சாணி அள்ளி, வாசல் தெளித்து, பால் கறந்து, சங்கத்தில் ஊற்றிவிட்டு வந்து அடுப்பு மூட்டுகிறாள். களி கிண்டி முடிவதற்குள் பிள்ளைகள் எழுந்துவிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோது, சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் காலை நேரத்து ஓட்டம் கொஞ்சம் தணிந்தது. எட்டு மணிக்கெல்லாம் அவள் தூக்குப்போசியில் கூழோடு காட்டுக்குக் கிளம்பியாக வேண்டும். சொந்தக் காட்டில் வேலை இல்லாத நாளில் களை எடுப்பு, நிலக்கடலைப் பறிப்பு, பாலக்கோடு பக்கம் என்றால் தக்காளிப் பறிப்பு என்று கூலிக்குப் போகிறாள். மாலையில் மறுபடியும் தீவனம், பால், அடுப்பு, பாத்திரம்.

இதற்கு நடுவில்தான் பங்குனி, சித்திரை வெயில் வருகிறது. அந்த வெயிலை வீணாக்கக் கூடாது என்பது கிராமத்துப் பழக்கம். மோர் மிளகாய், கொத்தவரை வற்றல், சுண்டை வற்றல், கூழ் வற்றல், விதைப் பானை, மண் கட்டிய துவரை எல்லாம் அந்த இரண்டு மாதத்து வேலைகள். மாமியார் காலத்தில் இவற்றைச் செய்ய வீட்டில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். இன்று ஒருத்திதான். ஆகவே எல்லாவற்றையும் பழைய அளவில் செய்ய வேண்டும் என்று அவளிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

விற்பதா, வைப்பதா?

துவரையைப் பொறுத்தவரை கணக்கு வெளிப்படையானது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,000 ரூபாய், அதாவது கிலோ 80 ரூபாய். நூறு கிலோ துவரையை ஆலையில் கொடுத்தால் சுமார் 70 முதல் 75 கிலோ பருப்பு தேறும். வீட்டுத் திரிகையில் அவ்வளவு தேறாது. 65 கிலோ என்று வைத்துக்கொண்டால், வீட்டுப் பருப்பின் அடக்க விலை கிலோவுக்கு 123 ரூபாய் ஆகிறது. களத்தில் வியாபாரி கிலோ 65 ரூபாய்தான் தருவேன் என்று சொல்லும் ஆண்டில் அதே பருப்பின் அடக்கம் 100 ரூபாய். கடைப் பருப்பின் விலை இதற்கு மேலே இருக்கும் ஆண்டில் லாபம் உண்டு. கீழே இறங்கிய ஆண்டில் உழைப்பும் வீண்தான். தவிடும் நொய்யும் கறவை மாட்டுக்குப் போவதை வேண்டுமானால் வரவில் சேர்த்துக்கொள்ளலாம்.

நியாய விலைக் கடையில் சிறப்பு விநியோகத் திட்டத்தின் கீழ் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைத்து வருகிறது. துவரம் பருப்புக்குப் பதில் கனடா நாட்டு மஞ்சள் பருப்பு போட்ட காலமும் உண்டு. அந்தப் பருப்பில் வைத்த குழம்பைக் கிழவிகள் தொடவில்லை என்பது வேறு விஷயம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டு கிலோ பருப்பு என்று வைத்தால் ஆண்டுக்கு 24 கிலோ. ரேஷனில் 12 கிலோ வந்துவிட்டால் மீதி 12 கிலோதான் வேண்டும். அதற்கு 20 கிலோ முழுத் துவரை போதும். இராகியிலோ நிலக்கடலையிலோ ஊடு சாலாகத் துவரை விதைக்கிறவர்களுக்கு ஏக்கருக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ விதை பிடிக்கும். இரண்டு ஏக்கருக்கு 3 கிலோ. ஆக, களத்தில் நிறுத்த வேண்டியது 23 கிலோ மட்டுமே. மூட்டை மூட்டையாக நிறுத்தி வீட்டுப் பெண்ணை வருத்த வேண்டியதும் இல்லை. ஒட்ட வழித்து விற்றுவிட்டு ஆடியில் விதைக்கு அலைய வேண்டியதும் இல்லை.

வண்டு எங்கிருந்து வருகிறது?

மூட்டையில் வைத்த துவரை வைகாசியில் பொடியாகக் கொட்டுவதைப் பார்த்து, மழை ஈரத்தால் வண்டு பிறந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மையில் பயறு வண்டு காட்டிலிருந்தே வீட்டுக்கு வருகிறது. செடியில் காய் முற்றிக் காயும் தறுவாயில் தாய் வண்டு காயின் மேல் முட்டையிடுகிறது. புழு உள்ளே துளைத்துப் பயறுக்குள் போய்விடுகிறது. அந்தப் பயறு மூட்டைக்கு வந்ததும், வெளிவரும் வண்டுகள் பயறின் மேலேயே முட்டை வைக்கின்றன. பயறு மேல் வெள்ளைப் புள்ளி போல ஒட்டிக்கொண்டிருப்பது அந்த முட்டைதான். ஒரு தாய் வண்டு நூறு முட்டை வரை இடும். கோடைச் சூட்டில் முட்டை வண்டாக வளர நாலு வாரம் போதும். மாசி முதல் ஆடி வரை ஐந்து மாதம். ஐந்து தலைமுறை வண்டுக்கு அந்த மூட்டை சோறு போடுகிறது. வட்டமாக ஓட்டை விழுந்த பயறில் முளைக்கும் சக்தி பெரும்பாலும் போய்விடும்.

ஆகவே முதல் வேலை, களத்திலிருந்து வந்த பயறைத் தாமதமின்றிக் காய வைப்பது. பல்லில் கடித்தால் நசுங்காமல் "டக்" என்று உடைய வேண்டும் என்பது மாமியார் சொல்லும் அளவு. இன்னொரு சோதனையும் உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி பயறும் ஒரு பிடி உலர்ந்த தூள் உப்பும் போட்டுக் குலுக்கி, சற்று நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பு பாட்டிலின் உட்புறம் ஒட்டினால் ஈரம் நூற்றுக்கு 15-க்கு மேல் இருக்கிறது. ஒட்டாவிட்டாலும் அதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு நாள் காய வைப்பது நல்லது. விதைக்கு ஈரம் பத்துக்குக் கீழே இறங்க வேண்டும்.

மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள், கீழே கறுப்புத் தாள் கிடைத்தால் வெயிலையே ஆயுதமாக்கலாம். கறுப்புத் தாள் மேல் பயறை மெல்லிய படலமாகப் பரப்பி, தெளிந்த தாளால் மூடி, ஓரங்களில் மண்ணோ கல்லோ வைத்துக் காற்றுப் போகாமல் அமுக்கிவிட வேண்டும். உச்சி வெயிலில் உள்ளே வெப்பம் 57 டிகிரி செல்சியசுக்கு ஏறி ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, வண்டு எல்லாமே செத்துவிடும் என்று ஆப்பிரிக்காவில் தட்டைப்பயறை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பரப்பிவிட்டுத் துணி துவைக்கப் போனால் இரண்டு மணிக்கு வந்து அள்ளிக்கொள்ளலாம். பக்கத்தில் நின்று கிளறத் தேவையில்லை என்பதால் நேரமில்லாத பெண்களுக்கு இது தோதான முறை. பயறு ஈரமாக இருக்கும்போது இதைச் செய்தால் விதை வெந்துவிடும்.

மண் கட்டும் பக்குவம்

20 கிலோவுக்கு மண் கட்ட இரண்டு வார விடுமுறை நாட்கள் போதும். சனிக்கிழமை மாலை பால் ஊற்றிவிட்டு வந்ததும் துவரையை அண்டாவில் ஊறப் போட்டுவிடலாம். மேலே மிதக்கிற பொக்கையும் ஓட்டைப் பயறும் மாட்டுக்கு. ஞாயிறு காலை தண்ணீரை வடித்துவிட்டு, சலித்த செம்மண்ணை, 20 கிலோவுக்குச் சுமார் ஒரு கிலோ கணக்கில், குழம்பாகக் கரைத்து ஒவ்வொரு பயறிலும் படும்படி பிசற வேண்டும். அளவு பார்த்துப் போடுகிற வழக்கம் வீடுகளில் கிடையாது. கையில் எடுத்தால் பயறு பயறாக உதிர வேண்டும், சிவப்பு மட்டும் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. பிறகு குவித்துச் சாக்குப் போட்டு மூடி, அன்று இரவு அப்படியே விட்டுவிட வேண்டும். இந்த நேரத்தில் பயறு ஈரத்தைச் சமமாக இழுத்துக்கொள்கிறது. திங்கட்கிழமையிலிருந்து மூன்று நாள் வெயில். தாய் காட்டில் இருக்கும்போது கோழி விரட்டுவதும் மாலையில் அள்ளி வைப்பதும் மாமியார் பொறுப்பு.

காயும்போது பருப்பு சுருங்குகிறது, தோல் தளர்ந்து விலகுகிறது. அடுத்த ஞாயிறு சல்லடையில் மண்ணைச் சலித்து ஒதுக்கிவிட்டுத் திரிகையில் போட்டால் இரண்டாகப் பிளந்து விழும். முறத்தில் புடைத்தால் பருப்பு ஒரு பக்கம், தொலி ஒரு பக்கம். ஊற வைக்காமல் வறட்டாக உடைத்தால் நொய் அதிகம் விழுகிறது. ஊற வைத்து மண் கட்டிய பருப்பு முழுசாக நிற்கும். வேகத்தான் சற்று நேரம் கூடப் பிடிக்கும். ஆனால் கொதிக்கும்போதே வாசம் தெருவுக்கு வந்துவிடும் என்று ஊரில் சொல்வது மிகையல்ல. உடைத்த பருப்பில் பயறு வண்டு முழுப் பயறில் போலப் பெருகுவதில்லை. வைகாசிக்கு முன் உடைத்து டப்பாவில் மூடி வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

திரிகை சுற்றுவது பெண்களுக்கே உரிய வேலை என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. கடப்பாரை பிடிக்கிற கைக்குத் திரிகைக் குச்சி கனக்காது. வீட்டு ஆண்கள் ஒரு ஞாயிறு முற்பகல் உட்கார்ந்தால் 20 கிலோவும் முடிந்துவிடும். அன்று தாய் முறத்தோடு நின்றால் போதும்.

பத்து வீடு சேர்ந்தால் இயந்திரமும் வைக்கலாம். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கிராமத்துக்கு ஏற்ற சிறு பருப்பு ஆலைகளை உருவாக்கியிருக்கிறது. தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதலில் தொடங்கப்பட்டதே தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது அதனோடு சேர்ந்திருந்தது. கறவை மாட்டுக்குக் கடன் வாங்கிப் பழகிய குழுக்களுக்குப் பருப்பு இயந்திரம் எட்டாத பொருளல்ல. ஆனால் ஊரில் போதிய துவரை விளைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஆண்டில் ஒரு மாதம் ஓடி, பதினோரு மாதம் தூங்கும் இயந்திரத்துக்கு வட்டி கட்டுவது எளிதல்ல.

விதைப் பானை

இனி அந்த 3 கிலோ விதை. இதற்கு ஊற வைக்கும் வேலை கிடையாது. காட்டின் ஓரத்தை விட்டு நடுப்பகுதியில், நோயில்லாமல் நிறையக் காய்த்த செடிகளை முன்னதாகவே அடையாளம் வைத்துத் தனியாக அடித்துக்கொள்ள வேண்டும். துவரைப் பூவில் தேனீ உட்கார்ந்து பக்கத்துக் காட்டு மகரந்தத்தையும் கொண்டுவரும். ஓரத்துச் செடியில் கலப்பு அதிகம்.

பழைய வழி சாம்பல். ஆறிய விறகுச் சாம்பலைச் சலித்து, நாலு படி விதைக்கு மூன்று படி சாம்பல் கலந்து பானையில் கொட்டி, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சாம்பல் மட்டும் போட்டு மூடி வைப்பது. ஒரு பிடி சாம்பலைத் தூவிவிட்டு வண்டு போகவில்லை என்று குறை சொல்வதில் பயனில்லை. பயறுக்கும் பயறுக்கும் இடையிலுள்ள சந்து அடைபட்டால்தான் வண்டு நகர முடியாது. எரிவாயு அடுப்பு வந்த வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். வெந்நீர் காய வைக்க வாசலில் மூன்று கல் அடுப்பு இல்லாத வீடு இன்னும் அபூர்வம்தான். வெள்ளாடு விற்ற காசில் சிலிண்டர் வாங்கினாலும் குளிக்கத் துவரை மிளார்தான் எரிகிறது.

சாம்பல் இல்லையென்றால் எண்ணெய். ஒரு கிலோ விதைக்கு 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயோ வேப்பெண்ணெயோ விட்டு, ஒவ்வொரு பயறும் மினுங்கும்படி கையால் பிசறி வைக்கலாம். எண்ணெய்ப் படலம் முட்டைக்குள் காற்றுப் போகாமல் தடுத்துவிடுகிறது. அளவைக் கூட்டினால் முளைப்பு குறையும். வரப்போரத்து ஆமணக்கை வறுத்து இடித்துக் கொதிக்க வைத்து வீட்டிலேயே எண்ணெய் எடுத்த காலம் போய்விட்டாலும், இந்த ஒரு தேக்கரண்டிக்கு எந்த வீட்டிலும் வழி உண்டு. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வாய் வரை நிறைத்து அடைத்தாலும் வண்டு மூச்சுக் காற்றில்லாமல் தளர்ந்துவிடும். அடிக்கடி திறந்து பார்ப்பவர்களுக்கு இது பலிக்காது. அத்தகையவர்கள் பயறின் மேல் ஊரும் வண்டைப் பிடிக்கக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பொறியைப் பயன்படுத்தலாம். ஓட்டை விழுமுன்பே வண்டு இருப்பதை அது காட்டிக் கொடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. நேரமில்லை என்று சொல்லி அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வாங்கி வந்து வீட்டு மூட்டைக்குள் போடுவது மிகப் பெரிய ஆபத்து. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷ வாயு கிளம்பும். ஓட்டு வீட்டில் மூட்டை அடுக்கிய அறையும் பிள்ளைகள் படுக்கும் அறையும் பெரும்பாலும் ஒன்றுதான். அந்த மாத்திரை பயிற்சி பெற்றவர்கள் கிடங்கில் பயன்படுத்தும் பொருள். இருபது கிலோ துவரையைக் காப்பாற்றப் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கலாமா?

இராகி மாவும் ஞாயிற்றுக்கிழமையும்

துவரைக்கு இவ்வளவு பாடு. இராகிக்கோ ஒன்றுமே இல்லை. காய வைத்துக் கட்டி வைத்தால் ஆண்டுக் கணக்கில் பூச்சி அண்டாது. கோடை வேலைகளில் விடக் கூடாத இன்னொன்றும் இராகியைச் சேர்ந்தது, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முளை கட்டிய மாவு. இராகியை ஓர் இரவு ஊற வைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை கண்டதும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து, வேர் முளையைத் தேய்த்து ஒதுக்கிவிட்டு அரைப்பது. முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கூழ் கெட்டிப்படாது. ஒரே கிண்ணத்தில் அதிக மாவு போட்டாலும் குழந்தை குடிக்கும் பதத்தில் நிற்கும். இராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. மாதம் ஒரு முறை செய்து வைத்தால் தாய் காட்டுக்குப் போன பிறகு பாட்டி கிண்டிக் கொடுத்துவிடலாம். வற்றல், வடாம் வேண்டுமானால் ஓர் ஆண்டு தவறட்டும். குழந்தையின் மாவு தவறக் கூடாது.

"இந்த வருசம் மோர் மிளகா போடலியாம்மா?" என்று மாமியார் கேட்டால், "மிளகா கடையில வாங்கிக்கலாம் அத்தை, வெதைப் பானைய கடையில வாங்க முடியாது" என்று மருமகள் சொல்லக்கூடிய வீடுகள் பெருகி வருகின்றன. அந்தப் பதிலில் அலட்சியம் எதுவும் கிடையாது.

ஆனி கடைசியில் பானையைத் திறந்து சாம்பலைச் சலித்ததும், எண்ணி நூறு விதை எடுத்து, நனைத்த சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளித்துவர வேண்டும். ஐந்தாறு நாளில் பிரித்து எண்ணிப் பார்க்கலாம். 75-க்கு மேல் முளைத்திருந்தால் நல்ல விதை. சான்று விதைக்கும் அதுதான் அளவு. குறைந்தால் அந்த அளவுக்கு விதையைக் கூட்டிப் போட வேண்டும். 50-க்குக் கீழே போனால் மழை வருவதற்கு முன்பே வேளாண்மை விரிவாக்க மையத்தில் விதைக்குச் சொல்லி வைத்துவிடுவது நல்லது. எண்ணுகிற வேலையைப் பள்ளி விட்டு வந்த பெண் குழந்தையிடம் கொடுத்தால் அது திண்ணையில் சாக்கை விரித்து வைத்துக்கொண்டு, தவறினால் மறுபடி முதலிலிருந்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணும். காட்டிலிருந்து தாய் வந்து தலைச்சுமையை இறக்குவதற்குள் உள்ளே குரல் கேட்கும்: "ஆயா, எண்பத்தி ரெண்டு!"